முதல் பிரசவம் சிசேரியன், இரண்டாவது நார்மலுக்கு முயற்சி: சென்னையில் எப்படித் திட்டமிடுவது?

ஆதினியம்மா (வேளச்சேரி)

வணக்கம் தோழிகளே. எனக்கு 30 வாரம் முடிந்திருக்கிறது. மூத்தவளுக்கு அடுத்த மாதம் மூன்று வயது. அவள் பிறந்தது மதுரையில். தலைப்பிரசவம் என்று அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தேதி தாண்டிவிட்டது என்று வலி வர மருந்து வைத்தார்கள். இரவெல்லாம் வலி, விடிந்ததும் ஆபரேஷன். இந்த முறை பிரசவம் சென்னையில்தான். நார்மலுக்கு முயற்சி செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

டாக்டரிடம் கேட்டால் "36 வாரம் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். அம்மாவோ, "உனக்கு இடுப்பு எலும்பு சின்னது. வலியும் பட்டு, வயிற்றையும் கிழிக்கணுமா?" என்கிறார். மாமியார் இப்போதே பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நட்சத்திரம் பார்க்கத் தொடங்கிவிட்டார். கணவர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருப்பது தெரிகிறது.

சிசேரியனுக்குப் பிறகு நார்மல் ஆனவர்கள் சொல்லுங்கள். முயற்சி செய்து முடியாமல் போனவர்களும் சொல்லுங்கள். எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

ரேவா பெரம்பூர்

எனக்கு நார்மல் ஆனது. முதல் குழந்தை கடைசி வரை திரும்பவே இல்லை, தலை மேலேயே இருந்தது, அதனால் ஆபரேஷன். இரண்டாவது தலை நன்றாக இறங்கி, தானாக வலி வந்து, 39வது வாரத்தில் பிறந்தான். மறுநாளே மூத்தவளை மடியில் வைத்துச் சோறு ஊட்டினேன். முதல் முறை கட்டிலிலிருந்து எழுந்து உட்காரவே ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

என் டாக்டர் முதலில் கேட்டது, "போன தடவை ஏன் ஆபரேஷன் செய்தார்கள்?" என்றுதான். உங்களுக்கு ஏன் செய்தார்கள்? இடுப்பு எலும்பு பற்றி டாக்டர் சொன்னாரா, அம்மாவாகச் சொல்கிறாரா?

ஆதினியம்மா (வேளச்சேரி)

டிஸ்சார்ஜ் சம்மரியில் "எல்.எஸ்.சி.எஸ்." என்றும் குழந்தையின் எடை 3.1 கிலோ என்றும்தான் இருக்கிறது. காரணம் எழுதவில்லை. இடுப்பு பற்றி அங்கே யாரோ அம்மாவிடம் சொன்னார்களாம். யார் என்று அம்மாவுக்கு நினைவில்லை.

லேபர் வார்டு அக்கா

ஆதினியம்மா, நான் சென்னையில் பிரசவ வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவர் முன்னால் எதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலையாக மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் நோட்ஸ் வாங்குங்கள். சம்மரி போதாது. அடுத்த மாதம் மூன்று வயது என்கிறீர்களே, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. அதற்குப் பிறகு கிடைத்தால் அதிர்ஷ்டம். மதுரையில் இருக்கும் யாரையாவது உங்கள் கையெழுத்திட்ட கடிதத்தோடு நேரில் அனுப்புங்கள்.

அதில் இரண்டு விஷயங்கள் வேண்டும். கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள். வயிற்றுத் தோலில் தழும்பு குறுக்கே இருக்கிறது என்பதால் உள்ளேயும் குறுக்கேதான் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்.எஸ்.சி.எஸ். என்றால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டியது, பெரும்பாலும் குறுக்கு வெட்டு. அந்த இடம் மெல்லியது, நன்றாக ஆறும், அடுத்த பிரசவ வலியைத் தாங்கும் வாய்ப்பு அதிகம். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் நார்மல் முயற்சியே கூடாது. குறுக்கே வெட்டும்போது பக்கவாட்டில் கிழிந்ததா, மேல்நோக்கி நீட்டினார்களா என்பதும் நோட்ஸில்தான் இருக்கும்.

உங்கள் அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1916ல் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் மருத்துவர், ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்று எழுதினார். அன்றைக்கு நெடுக்கு வெட்டுதான் வழக்கம், அதனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெட்டும் முறை மாறிப் பல காலம் ஆகியும் அந்தப் பேச்சு மட்டும் வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது.

நங்கநல்லூர் வித்யா

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது முறையும் சிசேரியனைத்தான் நானே விரும்பித் தேர்ந்தெடுத்தேன். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன், ஸ்கேனில் குழந்தை பெரிதாகத் தெரிந்தது, முதல் முறை முழுதாகக் கர்ப்பவாய் திறந்து மணிக்கணக்கில் முக்கியும் தலை இறங்கவில்லை. கணவர் கப்பலில் வேலை. தேதி தெரிந்தால்தான் அவரால் வர முடியும். 39வது வாரத்தில் அமைதியாகப் போய்ப் பெற்றுக்கொண்டு வந்தேன்.

பழைய தையல் பிரிந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. அதைச் சொல்லாமல் நார்மலைப் புகழ்ந்துகொண்டே போகும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, சிசேரியன் செய்துகொண்டவள் ஏதோ குறைந்தவள் என்று என் நாத்தனார் பேசியபோது அழுதிருக்கிறேன். ஆதினியம்மா, எதைத் தேர்ந்தாலும் நீங்கள் பெற்ற குழந்தைதான்.

லேபர் வார்டு அக்கா

வித்யா, உங்கள் நிலையில் இருந்த ஒருவருக்கு நானும் அதைத்தான் யோசிக்கச் சொல்லியிருப்பேன். ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம்.

கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் இருப்பவர்களில், நார்மலுக்கு முயலும் 200 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத் தையல் விடும். சதவீதமாகச் சொன்னால் சின்ன எண்தான். ஆனால் அந்த ஒருவருக்கு நிமிடங்கள்தான் கையில் இருக்கும். மற்றபடி முயல்பவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்கு நார்மலாகவே ஆகிறது. முன்போ பின்போ ஒரு நார்மல் பிரசவம் ஏற்கெனவே ஆகியிருந்தால் அது 85 முதல் 90 வரை போகும். எடை அதிகம், முதல் முறை பிரசவம் நகராமல் நின்றது, இந்த முறையும் மருந்து வைத்து வலி வர வைக்க வேண்டிய நிலை, இதற்கு முன் நார்மலே ஆனதில்லை, இவை எல்லாம் ஒருவருக்கே சேர்ந்திருந்தால் 40க்கு இறங்கிவிடும். ஆகவே பொதுக் கணக்கு யாருக்கும் அப்படியே பொருந்தாது.

மறுபக்கமும் இருக்கிறது. முயன்று முடியாமல் நடுவில் அவசர ஆபரேஷன் ஆவது, நிதானமாகத் தேதி குறித்துச் செய்வதைவிடக் கடினம். ரத்தப்போக்கும் காய்ச்சலும் அதில்தான் அதிகம். அதே சமயம் ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு சுமையை வைத்துவிட்டுப் போகிறது. நஞ்சுக்கொடி (நஞ்சு என்போம்) பழைய தழும்பின்மேல் ஒட்டி உள்ளே ஊடுருவிவிடும் நிலையைப் பார்த்திருக்கிறேன். நஞ்சு கீழே கர்ப்பவாயை மூடி அமைந்தவர்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு 100ல் 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களுக்கு 40 பேருக்கும் அப்படி ஆகிறது என்று ஒரு பெரிய ஆய்வில் கண்டார்கள். அந்த ரத்தப்போக்கில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். மூன்றாவது குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் எடுங்கள். இரண்டோடு சரி என்றால் இதன் எடை குறைவு.

ஆதினியம்மா, உங்கள் ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தழும்பின் கனத்தை அளந்து எழுதியிருந்தால் அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் பயப்படவும் வேண்டாம், துணியவும் வேண்டாம். இவ்வளவு மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு கிடையாது.

ஓ.எம்.ஆர். தமிழ்

நான் சோழிங்கநல்லூர். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் காட்டிக்கொண்டிருந்தேன். "கண்டிப்பாக நார்மலுக்கு முயற்சி செய்யலாம்" என்று ஏழு மாதமும் சொன்னார்கள். 35வது வாரத்தில் "தண்ணீர் கொஞ்சம் குறைவு, 38வது வாரத்தில் தேதி வைத்துவிடலாம்" என்றார்கள். வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தால் தண்ணீர் சரியாக இருந்தது. அப்புறம்தான் அங்கே இரவில் மயக்க மருந்து டாக்டர் இருப்பதில்லை, போன் செய்தால்தான் வருவார் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இரவு வலியோடு வரும் தழும்புக்காரியை அவர்களால் பார்க்க முடியாது. அதை முதல் மாதமே சொல்லியிருந்தால் நான் அப்போதே வேறு இடம் பார்த்திருப்பேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

34, 35 வாரத்தில் டாக்டரை மாற்றுவது மிகவும் கஷ்டம், பல இடங்களில் சேர்க்கவே தயங்கினார்கள். ஆதினியம்மா, 36 வாரம் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே நேரடியாகக் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு நான் வலியோடு வந்தால் மயக்க மருந்து டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா? ஆபரேஷன் தியேட்டர் எத்தனை நிமிடத்தில் தயாராகும்? ரத்தம் உள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து வர வேண்டுமா? பச்சிளம் குழந்தைக்கான ஐ.சி.யூ. உண்டா? நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் உங்கள் இடத்தில் யார் வருவார், அவருக்கு இதில் சம்மதமா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் ரொம்ப முக்கியம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100க்கு 45 சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 64. டாக்டருக்கு மனம் இருந்தாலும் அந்த இடத்தின் பழக்கம் வேறாக இருந்தால் நடக்காது.

ரேவா பெரம்பூர்

அரசு ஆஸ்பத்திரியை ஏன் யாரும் சொல்லவில்லை? எழும்பூர், திருவல்லிக்கேணி கோஷா, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மூன்றிலும் இரவு பகல் டாக்டர்கள் டியூட்டியில் இருக்கிறார்கள், தியேட்டரும் உண்டு. தழும்போடு வருபவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். எழும்பூர் 1844லிருந்து பிரசவம் பார்க்கும் இடம். எனக்கு நார்மல் ஆனது அரசு ஆஸ்பத்திரியில்தான். கூட்டம் உண்டு, தனி அறை கிடையாது, கணவரை உள்ளே விடவில்லை. கூட இருக்க ஒரு பெண்ணை விட்டார்கள், என் அக்கா இருந்தாள். பேச்சு சில நேரம் கடுமையாக இருந்தது. அதைத் தாங்க முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் பிக்மி எண்ணை, அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

பசுமைத் தாய்

ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்திதான். 37வது வாரத்திலிருந்து இரவில் விளக்கெண்ணெய் குடித்தால் தானாக வலி வரும். பழக்கமான பெண் ஒருவரைத் துணைக்கு வைத்து வீட்டிலேயே பார்க்கலாம். நம் பாட்டிகள் அப்படித்தானே பெற்றார்கள்.

லேபர் வார்டு அக்கா

அம்மா, இதை இங்கே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கர்ப்பப்பையில் தழும்பு இருப்பவர் வீட்டில் பிரசவம் பார்க்கவே கூடாது. தையல் விடும்போது பெரும்பாலும் முதலில் தெரிவது குழந்தையின் இதயத் துடிப்பு விழுவதுதான். அதை வலி முழுவதும் சி.டி.ஜி. இயந்திரம் போட்டுக் கண்காணித்தால்தான் பிடிக்க முடியும். வீட்டில் அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும். 2018ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு இளம்பெண் இறந்துபோனார். நம் பாட்டிகளிலும் எத்தனை பேர் பிரசவத்தில் போனார்கள் என்று பழைய குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள்.

விளக்கெண்ணெயும் வேண்டாம். திருக்கருகாவூர்ப் பிரசாத எண்ணெயை வயிற்றில் தடவிக்கொள்வது வேறு, நம்பிக்கையோடு தடவிக்கொள்ளுங்கள். வலி வரவழைக்கக் குடிப்பது வேறு.

கீழ்க்கட்டளை சுமி

ஆதினியம்மா, முடியாமல் போனவர்களும் சொல்லுங்கள் என்றீர்கள். நான் சொல்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தது. நல்ல டாக்டர், நல்ல இடம், தானாக வலி. 7 சென்டிமீட்டர் வரை திறந்தது. பிறகு நின்றுவிட்டது, மணிக்கணக்கில் நகரவில்லை. வலி இல்லாத இடைவெளியிலும் தழும்புப் பக்கம் விடாமல் வலிப்பதாகச் சொன்னேன். டாக்டர் மானிட்டரைப் பார்த்தார், உடனே தியேட்டருக்கு என்றார். திறந்து பார்த்தபோது பழைய தழும்பு கண்ணாடித் தாள் போல மெலிந்து, குழந்தையின் முடி தெரிந்ததாம். கர்ப்பப்பை பிரியவில்லை. மகன் பிறந்ததும் அழுதான்.

இரண்டு வலியையும் பட்டேன் என்பது உண்மை. உடம்பு தேற நாளானது. ஆனாலும் முயன்றதற்கு வருந்தவில்லை, ஏனென்றால் நின்ற இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர் கூட இருந்தார். "எப்போது நிறுத்துவீர்கள்?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு அவர் 34வது வாரத்திலேயே விளக்கியிருந்தார். அதனால் அந்த நேரத்தில் விவாதம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மாம்பலம் லலிதா

எனக்கு அறுபது தாண்டிவிட்டது, நானும் ஒரு மாமியார். குழந்தை, உன் மாமியாரிடம் பஞ்சாங்கம் வேண்டாம் என்று சண்டைக்குப் போகாதே. "ஆபரேஷன் என்று முடிவானால் 39 வாரம் முடிந்த பிறகு வரும் நாட்களில் நல்ல நட்சத்திரம் பாருங்கள் அத்தை" என்று சொல். என் மருமகளுக்கு நட்சத்திரத்துக்காக 37வது வாரத்தில் எடுத்தார்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறல், சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு நன்றாக இருக்கிறான். அந்த நாட்களில் நாங்கள் பட்டது யாருக்கும் வேண்டாம்.

அம்பத்தூர் அப்பா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கு முதல் சிசேரியன் ஆகி ஏழாவது மாதத்திலேயே மீண்டும் கர்ப்பம். நார்மலுக்கு முயலலாமா?

லேபர் வார்டு அக்கா

தம்பி, இரண்டு பிரசவங்களுக்கும் நடுவில் 18, 19 மாதமாவது இருந்தால் நல்லது. அதற்குக் குறைந்தால் தையல் விடும் வாய்ப்பு கூடும். உங்கள் கணக்கில் 16 மாதம்தான் வருகிறது. முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், டாக்டரிடம் இந்த இடைவெளியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனைவிக்கு இரும்புச் சத்து எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். இவ்வளவு சீக்கிரம் அடுத்தது என்றால் ரத்தம் குறைந்திருக்கும்.

ஆதினியம்மா (வேளச்சேரி)

தோழிகளே, நோட்ஸ் கிடைத்துவிட்டது! என் தம்பி கடிதத்தோடு போய் நின்று வாங்கி வந்தான். கீழ்ப்பகுதி, குறுக்கு வெட்டு, இரண்டு அடுக்குத் தையல், கிழிசல் ஏதும் இல்லை. காரணம்: கர்ப்பவாய் 4 சென்டிமீட்டரில் இருந்தபோது குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தது, தண்ணீரில் மலம் கலந்திருந்தது. இடுப்பு பற்றி ஒரு வரி கூட இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ முயற்சி பண்ணிப் பார்" என்றார்.

தாளோடு போனதும் டாக்டரின் பேச்சே மாறிவிட்டது. நஞ்சு மேலே இருக்கிறது, முயலலாம் என்றார். ஆனால் ஓ.எம்.ஆர். தமிழ் சொன்ன கேள்விகளைக் கேட்டபோது, தங்கள் இடத்தில் இரவு மயக்க மருந்து டாக்டர் இல்லை என்று நேர்மையாகச் சொல்லி, அவரே பிரசவம் பார்க்கப் போகும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை மாற்றியிருக்கிறார். செலவு கூடும். சமாளித்துக்கொள்கிறோம்.

இரண்டு சந்தேகம் பாக்கி. போன முறை போல தேதி தாண்டினால் என்ன செய்வது? வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டால் தையல் விடும் வலி தெரியாமல் போய்விடுமா?

லேபர் வார்டு அக்கா

தாள் கிடைத்ததே பெரிய நிம்மதி. இதயத் துடிப்பு குறைந்தது என்பது அந்தக் குழந்தைக்கு அன்றைக்கு நடந்தது. இந்த முறையும் அப்படியே நடக்க வேண்டும் என்று இல்லை.

எபிடியூரல் போடலாம். முன்பே சொன்னபடி முதல் அடையாளத்தை மானிட்டர்தான் காட்டும். அதைக் கழற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எபிடியூரலுக்கு நடுவிலும் தழும்புப் பக்கம் புதிதாக வலி எடுத்தால் வாய் திறந்து சொல்லுங்கள்.

தேதி தாண்டினால் என்ன என்பதை இப்போதே டாக்டரோடு பேசி எழுதி வையுங்கள். தானாக வலி வருவதுதான் நல்லது. மருந்து வைத்து வர வைத்தாலோ, சொட்டு மருந்தால் வலியைக் கூட்டினாலோ தையல் விடும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு ஆகும். மிசோப்ரோஸ்டால் மாத்திரை தழும்பு இருப்பவர்களுக்குக் கூடாது. பலூன் வைத்துக் கர்ப்பவாயைத் திறக்கும் முறையில் ஆபத்து குறைவு, சில டாக்டர்கள் அதைச் செய்வார்கள். 41 வாரம் வரை காத்திருக்க அவர் தயாரா, அப்போதும் வலி வராவிட்டால் பலூனா, நேராக ஆபரேஷனா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தப் பதிலை உங்கள் கணவரிடமும் சொல்லி வையுங்கள், வலியில் நீங்கள் பேச முடியாது.

ஓ.எம்.ஆர். தமிழ்

செலவு பற்றி ஒன்று. இன்ஷூரன்ஸில் மகப்பேறு இருந்தால் நார்மலுக்கும் சிசேரியனுக்கும் வேறு வேறு வரம்பு வைத்திருப்பார்கள். முன்கூட்டியே கேளுங்கள். கையில் இருக்கும் பணம் சிசேரியனுக்குப் போதுமா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நார்மல் ஆனால் மிச்சம்.

ஆதினியம்மா (வேளச்சேரி)

கேட்டுவிட்டேன். 41 வாரம் வரை காத்திருப்பாராம், வாரத்துக்கு இரண்டு முறை சி.டி.ஜி., பிறகு பலூன் ஒரு முறை, அதற்கும் நகராவிட்டால் ஆபரேஷன். எனக்குச் சம்மதம். அத்தையும் 39 வாரத்துக்கு மேல்தான் நாள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார், லலிதா அம்மாவுக்கு நன்றி.

அக்கா, வலி வந்ததும் உடனே கிளம்ப வேண்டுமா? முதல் பிரசவத்தில் வீட்டில் நடந்துகொண்டே இருங்கள் என்றார்கள்.

லேபர் வார்டு அக்கா

உங்களுக்கு அது பொருந்தாது. வலி ஒரே சீராக வர ஆரம்பித்ததும் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலி இல்லாத நேரத்திலும் தழும்பு வலித்தாலோ ஒரு நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டாம். வேளச்சேரியில் மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னொரு வழியை உங்கள் கணவர் இப்போதே ஒரு முறை ஓட்டிப் பார்த்து வைக்கட்டும். வண்டி கிடைக்காவிட்டால் 108. கிளம்பும்போதே லேபர் வார்டுக்குப் போன் செய்து "முன்பு ஒரு சிசேரியன், நார்மலுக்கு முயற்சி, வலி தொடங்கிவிட்டது" என்று சொல்லுங்கள். ஆபரேஷன் நோட்ஸ் நகல் இரண்டு எடுத்து, ஒன்றைப் பையில் வையுங்கள், இன்னொன்றை அம்மா கையில் கொடுங்கள்.

ஆதினியம்மா (வேளச்சேரி)

சரி அக்கா. நகல் நாளைக்கே எடுத்துவிடுகிறேன்.